சிரப்பும் சர்பத்தும் என்ன உறவு?

கேள்வி இது: “இருமலுக்குக் குடிக்கிற சிரப் என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் என்ன? அது ஆங்கிலச் சொல்தானா? சர்பத், சர்க்கரை என்று நாம் சொல்பவற்றுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?”

முதலில் சுருக்கமான பதில். சிரப் பிறப்பால் அரபுச் சொல். அரபியில் ‘ஷராப்’ என்றால் பானம், குடிப்பதற்கு உரியது; அவ்வளவுதான். ஆரம்பத்தில் அதில் இனிப்பும் கிடையாது, மருந்தும் கிடையாது, பிசுபிசுப்பும் கிடையாது. சர்பத் அதற்கு உடன்பிறந்த சொல். சர்க்கரைக்கு அதனோடு ரத்த உறவு எதுவும் இல்லை; இரண்டும் ‘சர்’ என்று தொடங்குவது தற்செயல். ஆனால் ஒன்று: சர்க்கரை என்ற பொருள் கைக்கு வராமல் இருந்திருந்தால் ஷராப் என்ற சொல் சிரப் ஆகியிருக்காது. அந்தக் கதையைத்தான் கீழே விரித்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரபியில் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்கள் கொண்ட ஒரு வேரிலிருந்து கிளைப்பவை. ஷ், ர், ப் மூன்றும் சேர்ந்தால் குடித்தல். ‘ஷரிப’ என்றால் குடித்தான். ‘மஷ்ரூபாத்’ என்றால் பானங்கள். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்கள் உணவகப் பட்டியலில் இந்தச் சொல்லைப் பார்த்திருப்பார்கள். கெய்ரோவின் பழைய வீடுகளில் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும் மரப்பின்னல் சன்னலுக்கு ‘மஷ்ரபிய்யா’ என்று பெயர். குடிநீர்ப் பானைகளைக் காற்றுப்படக் குளிர வைத்த இடம் என்பதால் குடித்தல் என்ற வேரிலிருந்தே அந்தப் பெயரும் வந்ததாகச் சொல்வார்கள். குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் 69ஆம் வசனத்தில் தேனீயைப் பற்றிய இடம் ஒன்று உண்டு: அதன் வயிற்றிலிருந்து பல நிறங்களில் ‘ஷராப்’ வெளிப்படுகிறது, அதில் மனிதர்களுக்கு நோய் தீர்க்கும் குணம் உண்டு என்று வரும். இங்கே பேசப்படுவது தேன்தான் என்றாலும் சொல்லின் பொருள் பானம் என்பதே. 7ஆம் நூற்றாண்டு வரை நிலைமை இதுதான்.

சரி, இவ்வளவு பொதுவான ஒரு சொல் மருந்துக்கடைக்குள் எப்படி நுழைந்தது?

கசப்பு மருந்தை இனிப்பில் கலந்து கொடுப்பது அரபியர் கண்டுபிடித்ததல்ல. கிரேக்க வைத்தியர்கள் தேனையும் வினிகரையும் சேர்த்துக் காய்ச்சி ‘ஆக்சிமெல்’ என்று கொடுத்தார்கள். புளிப்புத் தேன் என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களிலேயே அது இருக்கிறது. பாரசீகர்கள் அதே கலவையைச் சிர்கா, அங்குபீன் என்ற தங்கள் சொற்களைச் சேர்த்து ‘சிக்கஞ்சபீன்’ என்றார்கள். சிர்கா வினிகர், அங்குபீன் தேன். டெல்லிப் பக்கம் எலுமிச்சைச் சாற்றுக்கு ‘ஷிக்கஞ்சி’ என்கிறார்களே, அது இந்தச் சொல்லின் தேய்ந்த வடிவம்தான். வினிகரும் போய்விட்டது, தேனும் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

தேனில் வைத்தியருக்கு ஒரு சிக்கல் உண்டு. பூவுக்குப் பூ அதன் மணமும் நிறமும் கெட்டியும் மாறும். தண்ணீர் கொஞ்சம் கூடினால் புளித்துவிடும். சர்க்கரைக்கு இந்தத் தொல்லை இல்லை. இத்தனை சர்க்கரைக்கு இத்தனை நீர் என்று எழுதி வைத்தால், எந்த ஊரில் யார் காய்ச்சினாலும் ஏறக்குறைய ஒரே கெட்டியில் வரும். கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்கும் கலை இந்தியாவில் உருவாகி ஈரானுக்குப் போனது. அங்கே தென்மேற்கில் கூசிஸ்தான் பகுதியில் கரும்பு நன்றாக விளைந்தது. அரபியர் ஆட்சி பரவியபோது கரும்பும் கூடவே எகிப்து, சிசிலி, ஸ்பெயின் வரை போனது. மருத்துவப் பள்ளிக்குப் பெயர்போன குந்தேஷாப்பூரும் அதே கூசிஸ்தானில்தான் இருந்தது என்பதைச் சேர்த்துப் பாருங்கள். சர்க்கரையும் வைத்தியமும் ஒரே வட்டாரத்தில் சந்தித்துவிட்டன.

குந்தேஷாப்பூரைச் சேர்ந்த சாபூர் இப்னு சஹ்ல் என்ற கிறித்தவ வைத்தியர் மருந்துக் கலவைகளைத் தொகுத்து ‘அக்ராபாதீன்’ என்ற வகை நூலை எழுதினார். அவர் இறந்தது 869இல். அதன் பிறகு இப்படிப்பட்ட நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்னு சீனா எழுதிய பெரிய மருத்துவ நூலின் ஐந்தாம் பகுதி முழுக்க இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. இவற்றில் மருந்துகளை நோய் வாரியாக மட்டும் பிரிக்கவில்லை, வடிவம் வாரியாகவும் பிரித்தார்கள். பழச்சாற்றை மட்டும் சுண்டக் காய்ச்சினால் ‘ருப்’. பன்னீரும் சர்க்கரையும் சேர்ந்தால் ‘ஜுலாப்’. நாக்கில் தடவி நக்கச் சொல்லிக் கொடுப்பது ‘லஊக்’. மூலிகைக் கஷாயத்தையோ பழச்சாற்றையோ சர்க்கரையோடு காய்ச்சிப் பாகாக்கியது ‘ஷராப்’. பொதுவாகப் பானம் என்றிருந்த சொல் வைத்தியர் வாயில் ஒரு குறிப்பிட்ட தயாரிப்பின் பெயராக மாறியது இங்கேதான். மருத்துவமனையில் நர்ஸ் ‘தண்ணி மருந்து’ என்றால் நமக்குத் தண்ணீர் நினைவுக்கு வருவதில்லை அல்லவா, அந்த மாதிரி.

இது ஏட்டளவில் நின்ற சொல்லும் அல்ல. பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா யூத ஆலயத்தில் குவிந்து கிடந்த இடைக்கால ஆவணங்களில் ‘ஷராபி’ என்ற தொழிற்பெயர் அடிக்கடி வருகிறது. சாராயக்காரர் என்று அவசரப்பட்டு எடுத்துக்கொள்ளக் கூடாது. சிரப் காய்ச்சி விற்றவர் அவர். எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்களின் அரண்மனையில் ‘ஷராப்கானா’ என்று ஒரு தனிப் பிரிவே இருந்தது. பானங்களும் மருந்துகளும் ஒரே அறையில் ஒரே அதிகாரியின் பொறுப்பில் இருந்தன. குளிர்பானம் வேறு, மருந்து வேறு என்ற நம் இன்றைய பிரிவினை அன்று அவ்வளவு கறாராக இல்லை.

இனி ஐரோப்பா. 11ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் பிறந்து இத்தாலியின் மோன்ட்டே கசீனோ மடத்தில் துறவியான கான்ஸ்டன்டைன் என்பவர் அரபு மருத்துவ நூல்களை லத்தீனுக்குக் கொண்டுவந்தார். அருகில் இருந்த சலெர்னோ நகரின் வைத்தியர்கள் அவற்றைப் பாடமாகப் படித்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேடோவில் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்டு, இப்னு சீனாவின் நூலையே மொழிபெயர்த்தார். இந்த வழியாகத்தான் ஷராப் லத்தீனில் ‘சிருபுஸ்’ ஆனது. லத்தீனில் ‘ஷ’ என்ற ஒலி இல்லை, அதற்கு எழுத்தும் இல்லை. ஆகவே ‘ச’ போட்டுக்கொண்டார்கள். தமிழில் ‘ஷராபு’ ‘சராபு’ ஆவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

பேச்சுமொழிகள் சில ‘ஷ’வை விடவில்லை. இத்தாலியில் இன்றும் ‘ஷிரோப்போ’ என்றுதான் சொல்கிறார்கள். போர்ச்சுகீசியத்தில் அது ‘ஷரோப்’ போல ஒலிக்கும். ஸ்பெயினில் பல நூற்றாண்டுகள் அரபு பேசப்பட்டதால் அங்கே லத்தீன் தரகு தேவைப்படவில்லை. தெருவில் கேட்ட சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். அது இன்று ‘ஹராபே’. இடைக்காலத்தில் அந்த ‘ஹ’ ‘ஷ’ என்றே ஒலித்தது. ஸ்பானிய மருந்துக்கடையில் இருமல் மருந்துக்கு இன்றும் ஹராபே என்றுதான் கேட்க வேண்டும். மெக்சிகோவில் அகன்ற தொப்பியைத் தரையில் போட்டுச் சுற்றி ஆடும் புகழ்பெற்ற நடனத்துக்கும் ‘ஹராபே தப்பாத்தியோ’ என்று பெயர். பல மெட்டுகளைக் கலந்து ஆடுவதால் கலவை என்ற பொருளில் அந்தப் பெயர் வந்ததாக விளக்கம் சொல்கிறார்கள். மருந்துப் புட்டியில் இருந்த சொல் கடைசியில் ஆட்ட மேடை ஏறிவிட்டது.

லத்தீனிலிருந்து பிரெஞ்சுக்கு ‘சிரோ’ என்ற ஒலியோடு போய், அங்கிருந்து 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஆங்கிலத்தில் முதல் உயிரெழுத்தாக ‘ஐ’ போடுவதா ‘ஒய்’ போடுவதா என்ற குழப்பம் நெடுநாள் இருந்தது. லத்தீனில் எழுதியவர்கள் இதற்கு ஒரு கிரேக்கத் தோரணை கொடுப்பதற்காக ‘ஒய்’ போட, அதுவே நிலைத்துவிட்டது. அமெரிக்க அரசின் உணவு விதிகளில் மட்டும் மேப்பிள் சிரப்புக்கான பகுதி இன்னும் ‘ஐ’ எழுத்தோடுதான் அச்சாகிறது. ஒலியைப் பொறுத்தவரை அதுதான் நியாயமான எழுத்து. கிரேக்கத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அந்தக் காலத்து ஆங்கிலத்தில் சிரப் என்றால் முதலில் மருந்துதான். ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தில் இயாகோ, கசகசாச் செடியோ உலகத்தின் தூக்க சிரப்புகள் எல்லாமோ சேர்ந்தாலும் ஒத்தெல்லோவுக்கு நேற்றைய தூக்கத்தை இனித் திருப்பித் தராது என்று சொல்வான். அபினைச் சர்க்கரைப் பாகில் கலந்து தூங்குவதற்குக் குடிப்பது அன்று பார்வையாளர்களுக்குத் தெரிந்த விஷயம் என்பதால்தான் அந்த வசனம் எடுபட்டது.

இதுவரை சொன்னது வைத்தியர்கள் வழியாக நடந்த பயணம். அதே ஷ-ர-ப வேர் இன்னும் இரண்டு மூன்று தடவை, வேறு ஆட்களின் கையில் வேறு பாதைகளில் புறப்பட்டது. நம்முடைய சர்பத் அங்கேதான் வருகிறது.

அரபியில் ‘ஷர்பா’ என்றால் ஒரு மடக்கு, ஒரு முறை குடிப்பது. இது பாரசீகத்தில் ‘ஷர்பத்’ ஆனது. பழச்சாறு, பூச்சாறு, சர்க்கரை, குளிர்ந்த நீர் சேர்ந்த பானம். பனி கிடைத்தால் அதுவும் சேரும். துருக்கியர் அதை ‘ஷெர்பெத்’ என்றார்கள். மது கூடாத சமூகங்களில் விருந்துக்கு மரியாதையான பானமாக அது நின்றது. துருக்கியிலிருந்து இத்தாலிக்குப் போனது ‘சோர்பெத்தோ’. பனியில் உறைய வைத்துத் தின்னும் பண்டமானது. இன்று பெரிய உணவகங்களில் ‘சோர்பே’ என்று சிறு கிண்ணத்தில் வைப்பது அதுதான். ஆங்கிலேய வணிகர்களும் பயணிகளும் 1600ஐ ஒட்டி அதே சொல்லை ‘ஷெர்பெட்’ என்று நேராகக் கொண்டுபோனார்கள். 17ஆம் நூற்றாண்டு லண்டன் காபிக் கடைகளில் காபியோடு ஷெர்பெட்டும் விற்றது. பிறகு அங்கே அது விநோதமாக மாறியது: சோடா உப்பு, புளிப்பு அமிலம், சர்க்கரை கலந்த பொடியைத் தண்ணீரில் போட்டால் நுரைக்கும்; அந்தப் பொடிக்கே ஷெர்பெட் என்று பெயராகி, கடைசியில் குழந்தைகள் விரலால் தொட்டு நக்கும் மிட்டாய்ப் பொடியாக நின்றுவிட்டது. அமெரிக்காவில் அதே பெயர் பால் கொஞ்சம் சேர்த்து உறைய வைத்த இனிப்புக்கு. ஆஸ்திரேலியப் பேச்சில் ஷெர்பெட் என்றால் பீர்! ஒரே சொல்லை வைத்து இத்தனை நாடுகளில் இத்தனை பொருள் வாங்கலாம்.

இன்னொரு கிளை ‘ஷ்ரப்’. குடித்தல் என்று பொருள்படும் ‘ஷுர்ப்’ என்ற வடிவத்திலிருந்து 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ரம் அல்லது பிராந்தியோடு பழச்சாறும் சர்க்கரையும் சேர்த்த பானம்.

பாரசீகத்திலும் உருதுவிலும் இந்தியிலும் ‘ஷராப்’ மதுவையே குறிக்கத் தொடங்கியது. துருக்கியிலும் ‘ஷராப்’ என்றால் திராட்சை மது. மதுவைப் பெயர் சொல்லாமல் பொத்தாம்பொதுவாக ‘பானம்’ என்று சொல்வது எந்தச் சமூகத்திலும் நடக்கிற காரியம். நம் ஊரிலேயே ‘அவர் குடிப்பார்’ என்றால் மோரையா நினைக்கிறோம்? ‘தண்ணி போட்டிருக்கிறார்’ என்பதும் அந்தக் கணக்குத்தான். குர்ஆனில் மதுவுக்கு ஆளப்படும் சொல் ‘கம்ர்’, ஷராப் அல்ல. துருக்கி மொழி ஒன்றிலேயே மூன்றும் தனித்தனியாக வாழ்வது எனக்குப் பிடித்த விஷயம்: ஷராப் மது, ஷெர்பெத் இனிப்புப் பானம், ஷுருப் மருந்து சிரப்.

ஆக, யார் தூக்கிப்போனார்களோ அவர்கள் தொழிலுக்கு ஏற்ப சொல் சுருங்கியிருக்கிறது. வைத்தியர் கொண்டுபோன இடத்தில் மருந்தானது, விருந்து வைத்தவர் கொண்டுபோன இடத்தில் குளிர்பானமானது, மதுக்கோப்பையோடு போன இடத்தில் மதுவானது. அரபியில் இருந்த பொதுப் பொருள் வெளியே எங்கும் முழுசாகப் போய்ச் சேரவில்லை.

தமிழுக்குச் சர்பத் உருது, பாரசீகம் வழியாகவும் சிரப் ஆங்கிலம் வழியாகவும் வந்தன. ஒன்று அரண்மனை, தர்கா, யுனானி வைத்தியசாலை வழி. மற்றது ஆங்கில மருந்துக்கடை வழி. யுனானி வைத்தியத்தில் ‘ஷர்பத்’ என்பது இன்றும் ஒரு மருந்து வடிவத்தின் பெயர், ஆங்கில வைத்தியத்தில் சிரப் இருப்பது போல. 1906இல் டெல்லியில் தொடங்கப்பட்ட ஹம்தர்த் யுனானி மருந்தகத்தின் ரூஹ் அஃப்சாவும் உடல் வெப்பம் தணிக்கும் மூலிகைத் தயாரிப்பாகத்தான் பிறந்தது; இன்று அதை யாரும் மருந்தாக நினைப்பதில்லை, நோன்பு திறக்கும் மேசையில் குளிர்பானமாக இருக்கிறது. நம் நன்னாரி சர்பத்தும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது. நன்னாரி வேர் நாட்டு வைத்தியத்தில் சூடு தணிக்கும் சரக்கு. அதைக் கஷாயமாக்கிச் சர்க்கரையோடு காய்ச்சினால், இடைக்காலக் கெய்ரோவின் ஷராபி கடையில் செய்த வேலைக்கும் இதற்கும் முறையில் பெரிய வித்தியாசம் கிடையாது. மதுரை, திண்டுக்கல் பக்கம் கடைக்காரர் பேச்சில் ஒரு சின்னப் பிரிவும் உண்டு: பாட்டிலில் கெட்டியாக இருப்பதைப் பெரும்பாலும் ‘நன்னாரி சிரப்’ என்றும், அதில் எலுமிச்சையும் தண்ணீரோ சோடாவோ சேர்த்துக் கிளாசில் கொடுப்பதைச் ‘சர்பத்’ என்றும் சொல்வார்கள். பாட்டிலையே சர்பத் என்று கேட்பவர்களும் நிறைய. வரலாற்றுப்படி இரண்டும் சரி. ஜிகர்தண்டாவில் ஊற்றுவதும் இதே நன்னாரி சிரப்தான். மலேசியா, சிங்கப்பூர் தமிழர்களுக்கு ரோஜா சிரப்பில் பால் சேர்த்த ‘சிராப் பண்டோங்’ பழக்கம். அந்தச் சிராப்பும் இந்தக் குடும்பமே.

இப்போது சர்க்கரை விஷயம். ‘சர்பத் என்பது சர்க்கரையிலிருந்து வந்த சொல்’ என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். இல்லை. சர்க்கரை சமஸ்கிருதத்தின் ‘சர்க்கரா’. சரளைக்கல், பருக்கை என்பது அதன் பழைய பொருள். அது பாரசீகத்தில் ஷக்கர், அரபியில் சுக்கர், இத்தாலியில் ஸுக்கெரோ, ஆங்கிலத்தில் சுகர். கற்கண்டில் உள்ள ‘கண்டு’, துண்டு என்று பொருள்படும் ‘கண்ட’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதுவே மேற்கே போய்க் கேண்டி ஆனது. இவை கிழக்கிலிருந்து மேற்கே போனவை. ஷராப் அரபு மண்ணில் பிறந்து இரண்டு பக்கமும் போனது. வழியில் இரண்டும் ஒரே சட்டியில் விழுந்தன, அதனால் உறவுக்காரர் போலத் தெரிகிறது. ‘ஷோர்பா’ என்ற சூப்பையும் இந்த வேரில் சேர்ப்பார்கள். அது உப்பு என்று பொருள்படும் பாரசீகச் சொல்லோடு குழம்பு என்ற சொல் சேர்ந்து வந்தது. ஒலி நெருக்கத்தால் அரபியில் குடித்தலோடு ஒட்டிக்கொண்டது.

உண்மையில் சிரப்புக்குத் தொழில்முறை உறவினர் வேறு சிலர் உண்டு. ஜுலாப் என்று மேலே சொன்னேன். பாரசீகத்தில் ‘குல்’ ரோஜா, ‘ஆப்’ நீர். குலாப் என்றால் பன்னீர். அரபியில் ‘க’ ‘ஜ’ ஆகி ஜுலாப். அது லத்தீன் வழியாக ஆங்கிலத்தில் ‘ஜூலெப்’ ஆனது. அமெரிக்காவின் கென்டக்கி குதிரைப் பந்தயத்தில் குடிக்கும் புதினா ஜூலெப்பும், பன்னீர் வாசனைப் பாகில் ஊறும் நம் குலாப் ஜாமூனும் பெயரளவில் ஒரே குடும்பம். குலாப் ஜாமூனில் ரோஜா எங்கே என்று கேட்பவர்களுக்கு விடை: பாகில்.

‘லஊக்’ என்ற நக்கும் மருந்து இன்னும் சுவையானது. அரபியில் அதன் வேர் நக்குதல்; கரண்டிக்கு அரபியில் ‘மில்அகா’ என்பதும் அதே வேர்தான். கிரேக்கத்தில் இதே வகை மருந்துக்கு ‘எக்லெய்க்டான்’, அதன் பொருளும் நக்கித் தின்பது. சமஸ்கிருதத்தில் ‘லேஹ்ய’, ‘லிஹ்’ என்றால் நக்கு; நம் லேகியம் அது. கிரேக்கமும் சமஸ்கிருதமும் மொழிக்குடும்பத்தால் உறவு. அரபு வேறு குடும்பம். ஆனாலும் மூன்று வைத்திய மரபுகளும் ஒரே விதமாகத்தான் பெயர் வைத்திருக்கின்றன: சிரப்பைக் குடி, லேகியத்தை நக்கு. மருந்தின் பெயரிலேயே அதை உட்கொள்ளும் முறை எழுதியிருக்கிறது.

பிரிட்டனில் ‘ட்ரீக்கிள்’ என்று ஒரு கறுப்புப் பாகு உண்டு. அதன் மூலம் கிரேக்கத்தில் ‘தேரியகே’, விஷ ஜந்துக்களின் கடிக்கு மாற்று மருந்து. நீரோ மன்னனின் வைத்தியர் பாம்பு இறைச்சியையும் சேர்த்துச் செய்த மருந்து அந்த வகை. மருந்தைப் பாகில் குழைத்துக் கொடுத்துக் கொடுத்து, மருந்து போய்ப் பாகுக்கே பெயர் நின்றுவிட்டது. இலங்கையில் கித்துள் பனையின் பாகான கித்துள் பாணியை ஆங்கிலத்தில் சொல்லும்போது இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

‘எலிக்ஸிர்’ பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றியது. அரபியில் ‘அல்-இக்சீர்’, கிரேக்கத்தில் புண்ணை உலர்த்தும் பொடி என்ற சொல்லிலிருந்து வந்தது. பொடியாகத் தொடங்கியது பின்னால் ஆல்கஹால் கலந்த இனிப்புத் திரவ மருந்தின் பெயராயிற்று. 1937இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் சல்ஃபனிலமைடு என்ற கிருமிக்கொல்லி மருந்தை டைஎத்திலின் கிளைக்காலில் கரைத்து எலிக்ஸிர் என்ற பெயரில் விற்றது. அந்தக் கரைப்பான் இனிப்பாக இருக்கும், ஆனால் சிறுநீரகத்தைக் கொல்லும் நஞ்சு. குழந்தைகள் உட்பட 100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விற்கும் முன் மருந்து பாதுகாப்பானதா என்று சோதிக்க அன்றைய சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதிகாரிகளுக்குக் கிடைத்த ஒரே பிடி பெயர்தான்: எலிக்ஸிர் என்று போட்டால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை, எனவே தவறான பெயரிட்ட குற்றம். ‘கரைசல்’ என்று போட்டிருந்தால் அந்தப் பிடியும் இருந்திருக்காது. அடுத்த ஆண்டே, 1938இல், புதிய மருந்துச் சட்டம் வந்தது. அதே நஞ்சு கலந்த இருமல் மருந்துகளால் பிற்காலத்திலும் பல நாடுகளில் குழந்தைகள் இறந்தது நமக்குத் தெரியும். 2022இல் காம்பியாவில் நடந்ததற்கு உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கையே விட்டது. இனிப்பு கசப்பை மட்டும் மறைப்பதில்லை, நஞ்சையும் மறைக்கும்.

மருந்தாளுநர் பார்வையில் சிரப் என்றால் என்ன? இந்திய மருந்து நூல்படி சாதா சிரப் என்பது 667 கிராம் சர்க்கரையை நீரில் கரைத்து மொத்தம் 1000 கிராமாக ஆக்குவது. அதாவது ஒரு பங்கு நீருக்கு இரண்டு பங்கு சர்க்கரை. இந்த எண் சும்மா வந்ததல்ல. சாதாரண வெப்பத்தில் தண்ணீரில் கரையக்கூடிய சர்க்கரையின் உச்ச அளவு ஏறக்குறைய அதுதான். அந்த அடர்த்தியில் கிருமிகள் வளர முடியாது. அவற்றின் உடலில் உள்ள நீரைச் சர்க்கரை வெளியே இழுத்துவிடும். கொஞ்சம் நீர்த்தால் ஈஸ்ட் வளர்ந்து புளிக்கும். கொஞ்சம் கூடினால் சர்க்கரை பிரிந்து மூடியின் ஓரத்தில் படிந்து, பாட்டிலைத் திறக்க வராது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் மூலிகைச் சாற்றை மாதக் கணக்கில் காப்பாற்ற இதைவிட எளிய வழி இல்லை. சிரப் இத்தனை நூற்றாண்டு நிலைத்ததற்கு ருசியைவிட இது பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

சமையலறையில் இதே விஷயத்தைப் பதம் என்கிறோம். ஒரு கம்பிப் பதம் ஏறக்குறைய 105 டிகிரி செல்சியஸ். உருட்டினால் மெத்தென்று திரளும் பதம் 112 முதல் 116. தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வரும் கடலை மிட்டாய்ப் பாகு அதற்கெல்லாம் மேலே. வெப்பம் ஏற ஏற நீர் குறைகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். பாகில் இரண்டு சொட்டு எலுமிச்சை விடுவதற்கும் காரணம் உண்டு. அமிலம் சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடும். இப்படிப் பல வகைச் சர்க்கரை கலந்த பாகில் படிகம் எளிதில் கட்டாது.

பிற்காலத்தில் இந்தச் சொல் மருந்துக்கடையைவிட்டு வெளியே வந்த கதை தனி. 1886இல் அட்லாண்டாவில் பெம்பர்ட்டன் என்ற மருந்தாளுநர் காய்ச்சிய ஒரு சிரப், ஒரு மருந்துக்கடையில் சோடா கலந்து 5 சென்டுக்கு விற்றது; அது கோக்கக் கோலா. மேப்பிள் மரத்தின் நீரை 40 லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் மேப்பிள் சிரப் கிடைக்கும். மருந்து என்பதால் அல்ல, கெட்டியும் இனிப்பும் ஒத்துப்போனதால் அதற்கு அந்தப் பெயர் கிடைத்தது. மக்காச்சோளச் சிரப்பும் அப்படியே. மருந்து போய்விட்டது, பதம் மட்டும் பெயரில் நின்றது.

நம் ஊர் மருந்துக்கடையில் நேர்மாறாக, பதம் போய் மருந்து நிற்கிறது. குழந்தைக்குக் கொடுக்கும் திரவ மருந்து எல்லாமே நமக்கு சிரப். அதற்கு முந்தைய தலைமுறைக்கு எல்லாமே டானிக். உண்மையில் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் பெரும்பாலும் சஸ்பென்ஷன். மருந்துத் துகள் கரையாமல் மிதக்கும், அதனால்தான் குலுக்கச் சொல்கிறார்கள். குலுக்காமல் ஊற்றினால் மேலே மருந்து குறைவு, அடியில் அதிகம். இது அளவு தவறும் விஷயம் என்பதால் அலட்சியம் வேண்டாம். நீரிழிவுக்காரர்களுக்கு சார்பிட்டால் என்ற மாற்று இனிப்பைச் சேர்த்துச் சர்க்கரையே இல்லாத சிரப் விற்கிறது. எல்லாவற்றையும் தாண்டி ஆன்டிபயாட்டிக் பாட்டிலில் ‘டிரை சிரப்’ என்று அச்சடித்திருக்கும். கொதித்து ஆறிய நீரைக் கோடு வரை ஊற்றிக் கலக்க வேண்டிய பொடி அது. ‘உலர்ந்த பானம்’ என்று பெயரைப் பிரித்துப் பார்த்தால் எந்த அரபு வைத்தியரும் தலையைச் சொறிவார்.

தமிழில் சிரப்புக்கு என்ன சொல்வது என்று அடுத்து கேட்பீர்கள். சமையல் என்றால் பாகு, யோசிக்கவே வேண்டாம். மருந்து என்றால் சித்த மருத்துவத்தில் ‘மணப்பாகு’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. உள்மருந்து வடிவங்கள் 32 என்று வகுத்ததில் அது ஒன்று. ஆடாதோடை மணப்பாகு இருமலுக்கு இன்றும் சித்த மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. மூலிகைச் சாற்றைச் சர்க்கரையோடு மணம் வரும் பதத்தில் காய்ச்சி எடுப்பது, இப்னு சீனா ஷராப் என்று எழுதிய அதே முறை. இலங்கைத் தமிழில் பாணி, பாணி மருந்து என்பார்கள். அதுவும் அழகான சொல்தான். ஆனால் சர்க்கரை இல்லாத மருந்துகளுக்கும் சஸ்பென்ஷனுக்கும் பாகு, மணப்பாகு இரண்டும் பொருந்தாது. அங்கே மருத்துவர் சீட்டில் எழுதுகிற சிரப்பையே வைத்துக்கொள்ளலாம், அல்லது அரசு மருத்துவமனை வரிசையில் எல்லாரும் சொல்கிற மாதிரி ‘தண்ணி மருந்து’ என்று சொல்லிவிடலாம்.